குதிரைக்குச் சினை ஊசி: உறைவிந்து ஏன் லேசில் பிடிப்பதில்லை?

ஆரணியைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். மாடு சினைக்குக் கத்தினால் மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு போன் போகும். டாக்டர் வருவார், இல்லையென்றால் ஊசி போடப் பழகியவர் பைக்கில் கேனோடு வருவார். கேனுக்குள் திரவ நைட்ரஜன், அதற்குள் ஒல்லியான பிளாஸ்டிக் குச்சிகள். ஒரு குச்சியை எடுத்து வெந்நீரில் காட்டி, நீளமான கருவியில் செருகி, உள்ளே செலுத்திவிட்டுப் போய்விடுவார். ஊசி என்று சொல்கிறோமே தவிர அதில் ஊசியே கிடையாது. அடுத்த முறை மாடு கத்தவில்லை என்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

இதே வேலையைக் குதிரைக்குச் செய்தால் என்ன ஆகும்? நல்ல கைதேர்ந்த இடங்களில்கூட, உறைவிந்து போட்டால் ஒரு பருவச் சுழற்சிக்குச் சினை பிடிப்பது பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம்தான். சில ஆண் குதிரைகளின் விந்தை உறைய வைத்தால் ஒன்றுமே தேறாது. இத்தனைக்கும் அந்தக் குதிரை நேரில் சேர்ந்தால் குட்டி பிறந்துகொண்டே இருக்கும். விந்தில் குறை இல்லை, உறைய வைப்பதில்தான் ஏதோ நடக்கிறது. அந்த ஏதோ என்ன, அதைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு குதிரை ஆராய்ச்சியா என்று கேட்பீர்கள். நான் கால்நடை மருத்துவன் இல்லை, மென்பொருள்காரன். ஆனால் இந்த விஷயம் ஒரு பொறியியல் சிக்கல் மாதிரியே இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படிகள், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு, கடைசியில் கிடைப்பதோ ஆம் அல்லது இல்லை என்ற ஒரே பதில். இப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

தமிழ்நாடும் குதிரையும்

குதிரை நம்ம மண்ணில் எப்போதும் வெளியிலிருந்து வந்த விருந்தாளிதான். கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து, பாதிக்கு மேல் தாங்காமல் செத்துப்போனதை 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இங்கே நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணலான குட்டிதான் பிறக்கிறது என்றும் சொல்கிறார். மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் இங்கே குதிரையைப் பெருக்குவது கஷ்டம், வாங்குவது சுலபம் என்ற நிலை ரொம்பப் பழசு என்பது தெரிகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியும் இதோடு மல்லுக்கட்டியது. ஓசூர் பக்கத்தில் மத்திகிரியில் இன்று இருக்கிற அரசு கால்நடைப் பண்ணை, 1824இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். இன்றைக்கும் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. அங்கே மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்தி ரகங்களைத்தான் ஜனங்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

நாட்டு அளவில் நிலைமை மோசம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 6.25 லட்சம். 2019இல் அது சுமார் 3.4 லட்சம். ஏழு வருஷத்தில் ஏறக்குறைய பாதி காலி. மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிட்டி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி, கட்ச்சி-சிந்தி என்று பெயர் பெற்ற ரகங்கள் எல்லாம் இந்தச் சுருங்குகிற எண்ணிக்கைக்குள்தான் இருக்கின்றன. எண்ணிக்கை குறையும்போது, நல்ல ஆண் குதிரை ஒன்று வயிற்று வலி வந்து செத்தால் அதன் வம்சமே போய்விடலாம். உறைவிந்து என்பது இங்கே வசதிக்கான சாமான் இல்லை, காப்பீடு.

கிளிசரின் கண்டுபிடிப்பு

செயற்கைக் கருவூட்டல் பெரிய அளவில் முதலில் செய்யப்பட்டது குதிரைகளில்தான் என்பது ஒரு வேடிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இல்யா இவனோவ் அதைச் செய்தார். அப்புறம் மாடு முந்திக்கொண்டது. இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் என்பவர் மாடுகளில் இதைத் தொடங்கினார். ஆனால் அதெல்லாம் உறையாத விந்து. சீக்கிரம் பயன்படுத்தியாக வேண்டும்.

குளிரில் விந்தணு செத்துவிடுவதில்லை, அசைவற்று நின்று சூடு பட்டதும் மறுபடி ஓடுகிறது என்பதை 1776இலேயே இத்தாலியின் ஸ்பல்லன்ஸானி பனிக்கட்டியில் வைத்துப் பார்த்துவிட்டார். ஆனால் முழுசாக உறைய வைத்தால் பிழைக்கவில்லை. 1949இல் லண்டனில் கிறிஸ் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் வழி கண்டுபிடித்தார்கள், அதுவும் தற்செயலாக. சேவல் விந்தில் சர்க்கரைக் கரைசல்களைச் சேர்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டில் மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. அதே சர்க்கரையைப் புதிதாகக் கரைத்தால் ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்ததைப் பரிசோதித்தால் அதில் சர்க்கரையே இல்லை, கிளிசரினும் முட்டைப் புரதமும்தான் இருந்தன. லேபிள் மாறிப்போயிருந்தது. மருந்துக் கடையில் உதட்டு வெடிப்புக்கு வாங்குகிறோமே, அதே கிளிசரின்தான்.

1957இல் கனடாவில் பார்க்கரும் காண்டியரும் உறைந்த விந்திலிருந்து முதல் குதிரைக்குட்டி பிறந்ததை அறிவித்தார்கள். அந்த விந்தணுக்கள் விரையை ஒட்டிய குழாயிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டவை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

காளைக்கு 300, குதிரைக்கு 8

ஒரு சின்னக் கணக்கு போடலாம். காளை ஒரு தடவை கொடுக்கும் விந்து 6 மி.லி. என்று வையுங்கள். மி.லி.க்கு 100 கோடி விந்தணு என்றால் மொத்தம் 600 கோடி. இந்தியத் தரவிதிப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணு போதும், அது 0.25 மி.லி. குச்சி. ஆக ஒரு தடவைக்கு 300 குச்சி.

குதிரை ஒரு தடவைக்கு 800 கோடி கொடுத்தது என்று வையுங்கள். அளவில் காளையைவிட அதிகம்தான். மையவிலக்கில் சுற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு போனால் 640 கோடி மிஞ்சும். ஆனால் பெட்டைக் குதிரைக்கு ஒரு முறை போட 80 கோடி வேண்டும், அரை மி.லி. குச்சியில் எட்டு. அதில் உருக்கிய பிறகு நேராக முன்னோக்கி ஓடுவது குறைந்தது 25 கோடியாவது இருக்க வேண்டும் என்பது உலகளவில் புழங்குகிற அளவுகோல். ஆக ஒரு தடவைக்கு 8 டோஸ்தான். 300 எங்கே, 8 எங்கே!

ஒரு டோஸுக்கு நாற்பது மடங்கு விந்தணு கொட்டியும் மாட்டு அளவுக்குக்கூட நிச்சயம் இல்லை. ஏன்?

முதல் காரணம் தேர்வு. காளையைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுப்பதே விந்து உறைதலைத் தாங்குமா என்று பார்த்துத்தான். தாங்காத காளை விந்து நிலையத்திலிருந்து கழிக்கப்படும். குதிரையை யாரும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டம், உயரம், நடை, காதின் வளைவு, சுழி என்று பார்த்தார்கள். விந்து குளிர் தாங்குமா என்பது கேள்வியாகவே இருந்ததில்லை. அதனால் குதிரைக்குக் குதிரை வித்தியாசம் ஏகத்துக்கு இருக்கிறது.

இரண்டாவது காரணம் உயிரணுவின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

பனி எப்படிக் கொல்கிறது

விந்தணுவைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. உடல் சூட்டில் அது எண்ணெய் மாதிரி நெகிழ்வாக இருக்கும். குளிர்ந்தால் மார்கழியில் தேங்காய் எண்ணெய் இறுகுகிற மாதிரி இறுகும். எல்லா இடமும் ஒரே நேரத்தில் இறுகாது, திட்டுத் திட்டாக இறுகும். திட்டுகளுக்கு நடுவில் விரிசல் விழுந்து ஒழுகும். சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தால் இந்த இறுகல் மென்மையாக நடக்கும். முயலின் விந்தணுவில் கொலஸ்ட்ரால் அதிகம், அதனால் குளிரைத் தாங்கும். குதிரையில் குறைவு. அதனால் சுமார் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும் அந்த இடைவெளிதான் முதல் கண்டம். அங்கே அவசரப்பட்டால் உறைவதற்கு முன்னாலேயே பாதி காலி.

இரண்டாவது கண்டம் பூஜ்யத்துக்குக் கீழே. வெளியில் இருக்கும் தண்ணீர் முதலில் பனியாகும். பனி சுத்தமான தண்ணீர், உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் மிச்சமிருக்கும் கரைசல் உப்புக் கரித்துப் போகும். அந்த உப்பு விந்தணுவுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். ரொம்ப மெதுவாகக் குளிரவைத்தால் உயிரணு வற்றி, உப்பில் ஊறி, கருவாடாகிச் சாகும். ரொம்ப வேகமாகக் குளிரவைத்தால் தண்ணீர் வெளியே வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே பனியாகிக் கிழிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. பீட்டர் மஸூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைத்தான் இரு காரணிக் கோட்பாடாக வகுத்தார். குதிரைக்கு நிமிஷத்துக்கு 60 டிகிரி அளவில் இறக்குவது வழக்கம். கருவி இல்லாத இடத்தில் தெர்மோகோல் பெட்டியில் திரவ நைட்ரஜன் ஊற்றி, அதற்கு நாலைந்து செ.மீ. மேலே குச்சிகளை அடுக்கி ஆவியில் காட்டிவிட்டு, பிறகு உள்ளே தள்ளுவார்கள். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. அங்கே வேதிவினை எல்லாம் ஏறக்குறைய நின்றுவிடும். பத்து வருஷம் ஆனாலும் ஐம்பது வருஷம் ஆனாலும் கணக்கு ஒன்றுதான்.

மூன்றாவது கண்டம் கொஞ்சம் நுட்பமானது. பிழைத்து எழுந்த விந்தணுவும் பழைய விந்தணு இல்லை. சவ்வு ஒழுகியதால் கால்சியம் உள்ளே போயிருக்கும். சாதாரணமாக, பெட்டையின் உடலுக்குள் போய், முட்டையை நெருங்கும் நேரத்தில்தான் விந்தணு முதிர்ந்து தயாராகும். உறைந்து எழுந்தது முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. தயாரான விந்தணுவுக்கு ஆயுசு கம்மி. நேரில் சேர்ந்தால் பெட்டைக்குள் இரண்டு மூன்று நாள் உயிரோடு இருப்பது, உறைந்து வந்தால் 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது. குதிரையின் விந்தணு ஓடுவதற்கான சக்தியைப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜனை எரித்துத்தான் எடுக்கிறது. எரித்தால் புகை வரும். இங்கே புகை என்பது உயிரணுவை அரிக்கிற ஆக்ஸிஜன் வகைகள். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஸமிரா கிப், ஜான் ஐட்கன் குழு 2014இல் இதில் ஒரு முரணைக் காட்டியது. அதிகம் கருத்தரிக்க வைக்கிற விந்துதான் இந்தச் சேதத்தை அதிகம் காட்டியது. வேகமாக ஓடுகிறது, அதனால் சீக்கிரம் தேய்கிறது. விந்தணுவிடம் உடைந்ததைப் பழுதுபார்க்கும் வசதியும் கிடையாது.

எதை மாற்றினால் என்ன கிடைக்கிறது

இப்போது ஒவ்வொரு கண்டத்துக்கும் என்ன மருந்து என்று பார்க்கலாம்.

குளிர் அதிர்ச்சிக்கு: பாலும் முட்டை மஞ்சள் கருவும். கொழுப்பு நீக்கிய பால், குளுக்கோஸ், மஞ்சள் கரு கலந்த கரைசலில் விந்தைச் சேர்ப்பார்கள். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புப் புரதம் சவ்வுக்கு முட்டுக் கொடுக்கிறது. அதற்கு முன் மையவிலக்கில் சுற்றி விந்தின் நீர்ப்பகுதியைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள், ஏனென்றால் அது சேமிப்புக்கு ஆகாது. சுற்றும்போது அடியில் இறுகி நசுங்காமல் இருக்க, கீழே கனமான திரவம் ஒன்றை மெத்தை மாதிரி ஊற்றும் முறையும் வந்துவிட்டது.

கொலஸ்ட்ரால் குறைவுக்கு: கொலஸ்ட்ராலை வெளியிலிருந்து ஏற்றிவிடலாம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையம் போன்ற சர்க்கரைக்குள் கொலஸ்ட்ராலை வைத்துக் கலந்தால் அது சவ்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதனால் குளிர் தாங்கும் சதவீதம் கூடுகிறது. ஆனால் சவ்வு ரொம்ப உறுதியானால் முட்டையை அடையும்போது முதிர்வதும் தாமதமாகும். ஓட்டம் கூடியதாலேயே சினை கூடிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கிளிசரினுக்கு: குதிரை விந்தணுவுக்குக் கிளிசரின் நண்பனும் எதிரியும். கொஞ்சம் கூடினாலே நஞ்சு. அதோடு அதன் மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் உள்ளே போகும், மெதுவாகத்தான் வெளியே வரும். உருகும் நேரத்தில் அது வெளியேறுவதற்குள் தண்ணீர் உள்ளே பாய்ந்து விந்தணு உப்பிவிடும். டைமெத்தில் ஃபார்மமைடு, மெத்தில் ஃபார்மமைடு போன்றவை கிளிசரினைவிடச் சின்ன மூலக்கூறுகள், சட்டென்று போய் சட்டென்று வெளியேறுகின்றன. பிரேசிலில் மார்கோ அல்வரெங்கா குழு இதை விரிவாகச் சோதித்தது. கிளிசரினில் தேறாத குதிரைகள் பல இதில் தேறின. தேறுகிற குதிரைக்கு வித்தியாசம் பெரிதில்லை, தேறாத குதிரைக்குத்தான் லாபம்.

கெட்டதை வடிகட்ட: ஸ்வீடனில் ஜேன் மோரெல் உருவாக்கிய முறையில், சிலிக்கா துகள்கள் கலந்த ஒரு அடுக்கின் வழியாக விந்தைச் சுற்றினால் நல்ல விந்தணு அடிக்குப் போகும், செத்ததும் கோணலானதும் மேலே தங்கிவிடும். எண்ணிக்கை குறையும், தரம் கூடும். செத்த விந்தணு சும்மா கிடக்காது, அரிக்கும் வேதிப்பொருளை வெளியே விட்டுப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் இது பிரயோஜனம்தான்.

உருக்குவதற்கு: 37 டிகிரி நீரில் 30 விநாடி, அரை மி.லி. குச்சிக்கு இது பழகிய அளவு. உறைய வைத்ததைவிட உருக்குவதில் அவசரம் வேண்டும், மெதுவாக உருகினால் சின்னப் பனித் துகள்கள் சேர்ந்து பெரிதாகும். இதே ஆபத்து கேனிலும் உண்டு. எந்தக் குச்சி என்று தேடிக்கொண்டு கேனின் கழுத்துக்கு மேலே பத்து விநாடிக்கும் அதிகமாகத் தூக்கிப் பிடித்தால், மைனஸ் 196இல் இருந்தது சட்டென்று சூடேறும். திரும்ப உள்ளே வைத்தாலும் போன உயிர் போனதுதான். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பாதி பிரச்சினை பெட்டையின் கடிகாரத்தில்

இதுவரை சொன்னது எல்லாம் ஆண் பக்கம். எனக்குப் படித்ததில் ரொம்பப் பிடித்தது அடுத்த பகுதிதான், ஏனென்றால் அதிகம் செலவில்லாமல் அதிகம் கிடைப்பது அங்கேதான்.

பெட்டைக் குதிரையின் சுழற்சி சுமார் 21 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள் ஆண் குதிரையை ஏற்றுக்கொள்ளும் பருவம். மாடு கத்தும், பெட்டைக் குதிரை கத்தாது. ஆண் குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்தால் வாலைத் தூக்கும், சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடும். முட்டை வெளியே வருவது இந்தப் பருவத்தின் கடைசியில், அதுவும் நாள் சொல்லிவிட்டு வராது. வந்த முட்டைக்கு ஆயுசு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம். உறைந்த விந்தணுவுக்கு 12 மணிக்கு மேல் நம்ப முடியாது. ஏழு நாள் பருவத்தில் இந்த இரண்டும் சந்திக்க வேண்டும். நேரில் சேர்ந்தால் விந்தணு மூன்று நாள் காத்திருக்கும், பிரச்சினை இல்லை. உறைவிந்துக்கு, முட்டை வருவதற்கு 12 மணி நேரம் முன்னாலிருந்து வந்த 6 மணி நேரம் வரை மட்டுமே வாசல் திறந்திருக்கிறது.

இதற்குப் பழைய வழி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்து பார்ப்பது. ராத்திரி பன்னிரண்டு, காலை ஆறு என்று டாக்டர் லாயத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும். நம்ம ஊரில் நடக்கிற காரியமா?

இரண்டாவது வழி கணக்கு. முட்டைப் பை 35 மி.மீ. தாண்டியதும் ஹெச்சிஜி ஹார்மோன் ஊசி போட்டால், பெரும்பாலும் 36 முதல் 48 மணிக்குள் முட்டை வந்துவிடும். இப்போது விந்தை இரண்டு தடவை போடுகிறார்கள், 24ஆம் மணியில் ஒன்று, 40ஆம் மணியில் ஒன்று. ஏன் இந்த எண்கள்? முதல் டோஸ் 12 மணி நேரம் உயிரோடு இருந்தால் 24 முதல் 36 வரை காவல். இரண்டாவது டோஸ், ஆறு மணி நேரம் முன்னால் வந்த முட்டையையும் பிடிக்கும் என்பதால் 34 முதலே கணக்கு, பிறகு 52 வரை காவல். நடுவில் ஓட்டையே இல்லை. 24 முதல் 52 வரை முட்டை எப்போது வந்தாலும் அங்கே ஒரு விந்தணு காத்திருக்கும். ராத்திரி முழுக்க முழித்திருக்காமல், முன்கூட்டியே நேரம் குறித்து டாக்டரை வரவழைக்கலாம். டோஸ் இரண்டாகப் பிரிவதால் விந்து மிச்சமாகாது, ஆனால் சினை வாய்ப்பு மிச்சமாகும்.

விந்து குறைவாக இருந்தால் போடும் இடத்தை மாற்றலாம். கருப்பையின் வாயில் கொட்டாமல், முட்டை வரப்போகும் பக்கத்துக் கருப்பைக் கொம்பின் நுனியில், கருக்குழாய் வாசலிலேயே விட்டால் மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும் என்று இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் 2000 வாக்கில் காட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. விந்து உள்ளே போனதும் பெட்டையின் கருப்பை அதை அந்நியனாக நினைத்து வெள்ளணுக்களை அனுப்பி வீங்கும். இது இயல்பு, ஒரு நாளில் அடங்கும். விந்தின் நீர்ப்பகுதியில் இருக்கும் சில புரதங்கள் நல்ல விந்தணுவை அந்த வெள்ளணுக்களிடமிருந்து காக்கின்றன. நாம் சேமிப்புக்காக நீர்ப்பகுதியை நீக்கிவிட்டோம், கவசமும் போய்விட்டது! வயசான பெட்டைகளில் இந்த வீக்கம் அடங்காமல் சினை தங்காது. அதனால் போட்ட சில மணி நேரம் கழித்துக் கருப்பையைக் கழுவி, ஆக்ஸிடோசின் கொடுப்பார்கள்.

எதை அளக்கிறோம்?

மென்பொருள்காரனாக எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் அளப்பது ஓட்டம். உருக்கிய பிறகு கணினி இணைந்த நுண்ணோக்கியில் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று பார்ப்பது சுலபம், பத்து நிமிஷ வேலை. நமக்கு வேண்டியதோ குட்டி. ஓடுவது பிறப்பது ஆகாது. ஓடுகிற விந்தணுவுக்குள் மரபு இழை உடைந்திருக்கலாம், முன்கூட்டியே முதிர்ந்திருக்கலாம். ஓட்டத்துக்கும் சினைக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் சினையையே அளக்க வேண்டியதுதானே? அங்கேதான் எண்ணிக்கை உதைக்கிறது. பத்துப் பெட்டைக்குப் போட்டு நாலு சினையானால் 40 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டுப் பாருங்கள்: 12 முதல் 74 வரை. அதாவது எதுவும் தெரியாது என்பதற்கு நாகரிகமான பெயர். ஒரு புதுக் கரைசல் 40ஐ 50 ஆக்குகிறதா என்று உறுதியாகச் சொல்ல, பக்கத்துக்குச் சுமார் 390 பெட்டை வேண்டும். மாட்டில் இது ஒரு தாலுகாவின் ஒரு மாசக் கணக்கு. குதிரையில் ஒரு நாட்டின் பல வருஷக் கணக்கு. இந்தப் பவுடர் சேர்த்தோம், ஓட்டம் ஐந்து சதவீதம் கூடியது என்று வருகிற அறிவிப்புகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் குட்டி வரை போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

பிக்கானேரில் நடப்பது

இந்தியாவில் இந்த வேலை நடப்பது தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில். தலைமையகம் ஹரியானாவின் ஹிசாரில், இனப்பெருக்கப் பிரிவு ராஜஸ்தானின் பிக்கானேரில். 2023 மே மாதம் அங்கே மார்வாரி இனத்தில் கருமாற்றம் மூலம் ராஜ் பிரதமா என்ற பெண்குட்டி பிறந்தது. ஏழரை நாள் கருவை எடுத்து வேறு தாயின் வயிற்றில் வைத்தார்கள். 2024 அக்டோபர் 4இல் ராஜ் ஹிமானி பிறந்தது. அதற்கு உறைவிந்து போட்டு உண்டான கருவை எடுத்து, அந்தக் கருவையும் உறைய வைத்து, இரண்டு மாசம் கழித்து உருக்கி, வாடகைத் தாய்க்கு வைத்தார்கள். விந்தும் உறைந்தது, கருவும் உறைந்தது, பிறந்த குட்டியின் எடை 20 கிலோ. இரண்டு தடவை பனியைத் தாண்டி வந்த ஜீவன் அது.

2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசியக் கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தது. அவற்றுக்கு விந்து நிலையமும் கருமூலப் பண்ணையும் அமைக்க 10 கோடி ரூபாய் உதவி உண்டு. ஆக, வங்கி கட்டும் காலம் வந்துவிட்டது. வங்கியில் எதைப் போட்டு வைக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை உலகில் எங்கும் பதிவு செய்யமாட்டார்கள். கிண்டியில் ஓடுவதெல்லாம் நேரில் சேர்ந்து பிறந்தவைதான்.

எனக்குப் படுவது

உறைதலைத் தாங்குகிற குதிரைகளின் விந்தை மட்டும் சேமித்தால் வேலை சுலபம். ஆனால் அப்படிச் செய்தால், நாம் அறியாமலேயே ஒரு ரகத்தைக் குளிர் தாங்குகிறவர்களின் பிள்ளைகளாகச் சுருக்கிவிடுவோம். ஒரு இனம் தாக்குப்பிடிக்க, கலந்து பெருகுகிற எண்ணிக்கை குறைந்தது 50 என்ற அளவிலாவது இருக்க வேண்டும் என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டல். எண்ணிக்கை குறைவான மணிப்பூரியிலோ ஸ்பிட்டியிலோ, விந்து தேறாத நாலு ஆண் குதிரையைக் கழித்துவிட்டால் நாலு வம்சம் கழிந்தது. அதனால் தேறாத குதிரையைத் தேற வைக்கிற கரைசல் ஆராய்ச்சி ஆடம்பரம் இல்லை. நாட்டு ரகத்துக்கு அதுதான் முக்கிய ஆராய்ச்சி.

இரண்டாவது, கணக்கு. மாட்டுக்கு 12 இலக்கக் காதுத் தோடும், ஊசி போட்ட தேதியும், கணினிப் பதிவும் வந்துவிட்டன. குதிரைக்கும் எந்த ஆண், எந்தக் கரைசல், எந்தத் தேதி, முட்டை வந்த நேரம், சினையா இல்லையா என்ற ஐந்தாறு கட்டங்களை எல்லா நிலையமும் ஒரே மாதிரி எழுதி ஒரே இடத்தில் சேர்த்தால், 390 என்ற எண் எட்டாத எண் இல்லை. இதற்குப் பெரிய மென்பொருளும் வேண்டாம். ஒரு எக்ஸெல் தாளும், தோற்றதையும் மறைக்காமல் எழுதுகிற மனசும் போதும்.

மூன்றாவது, குதிரை வைத்திருப்பவர்களுக்கு. 1957 குட்டியை ஞாபகம் இருக்கிறதா? நல்ல ஆண் குதிரை திடீரென்று செத்துவிட்டாலும், காயடிக்க வேண்டி வந்தாலும், எல்லாம் முடிந்துபோகவில்லை. விரைகளைச் சுத்தமாக எடுத்து, பனிக்கட்டியில் நேரடியாகப் படாமல் 5 டிகிரி அளவில் குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோனால், அங்கிருந்து விந்தணு எடுத்து உறைய வைக்க முடியும். அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தேடினால் நேரம் போய்விடும். உங்கள் கால்நடை டாக்டரிடம் இன்றைக்கே கேட்டு, அந்த போன் நம்பரை லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.